புது ரவுட்டர் மாட்டிய பிறகு வைஃபை அறுந்து அறுந்து வருகிறது (பெங்களூரு, முருகேஷ்பாளையா)

மாடிவீடு_முருகேஷ்பாளையா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் இல்லாமல் கேட்டால் பதில் சொல்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

இரண்டாவது மாடியில் வாடகை வீடு. ஃபைபர் இணைப்பு, 300 எம்பிபிஎஸ் பிளான். கம்பெனி கொடுத்த ஓஎன்டி பெட்டி (ஃபைபர் வயர் வந்து முடிகிற பெட்டி) ஹாலில் வாசல் பக்கம் சுவரில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஈதர்நெட் கேபிள் என் சொந்த ரவுட்டருக்கு வருகிறது. பழைய ரவுட்டர் வைஃபை 5. பல வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்தது. பின் அறையில் சிக்னல் போதவில்லை, நானும் மனைவியும் ஒரே நேரத்தில் மீட்டிங்கில் இருந்தால் திணறியது. அதனால் எஸ்.பி. ரோட்டில் வைஃபை 6, ஏஎக்ஸ்3000 என்று போட்ட ஒன்றை வாங்கி மாட்டினேன்.

வேகத்தில் குறை இல்லை. லேப்டாப்பில் டெஸ்ட் போட்டால் முழு 300-ம் வருகிறது. ஆனால் நிலைத்து நிற்க மாட்டேன் என்கிறது. மீட்டிங் நடுவே வைஃபை பெயரே லிஸ்டில் இருந்து மறைகிறது, ஒரு நிமிஷம் போல ஆனதும் தானாகத் திரும்பி வருகிறது. இன்னும் சில நேரம் ரவுட்டரே அணைந்து மறுபடி எரிகிறது. கரண்ட் போகும்போது இது கட்டாயம் நடக்கிறது. மினி யுபிஎஸ் போட்டிருக்கிறேன், பழைய ரவுட்டர் அதில் அணைந்ததே இல்லை. இது போதாதென்று, கீழே படிக்கட்டு ஓரம் இருக்கிற சம்ப் மோட்டார் வைஃபை ஸ்விட்ச் புது ரவுட்டரில் சேரவே இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி. தொட்டியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் அவர்தான் இறங்கி ஏறுகிறார். எனக்கு மீட்டிங்கைவிட இதுதான் பெரிய கவலை.

ரவுட்டர் பழுதா, லைன் பழுதா? ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மாற்றிவிடலாமா?

—

இரவுப்பணி_எலக்ட்ரானிக்சிட்டி:

ஃபேக்டரி ரீசெட் போட்டுவிட்டு ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரின் உள் மென்பொருளை அப்டேட் பண்ணுங்கள் சார். புது ரவுட்டர் பெட்டியில் வரும் ஃபர்ம்வேர் பெரும்பாலும் பழசாகத்தான் இருக்கும். என் வீட்டில் அதிலேயே சரியானது.

—

கம்பிவேலை_அல்சூர்:

ஃபர்ம்வேர் அப்டேட் சரி, ஆனால் ரீசெட் மட்டும் இப்போது வேண்டாம். ரீசெட் போட்டால் சிஸ்டம் லாக், அதாவது ரவுட்டர் நேரத்தோடு எழுதி வைக்கும் நடப்புக் குறிப்பு, அழிந்துபோகும். என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். பிபிபிஓஇ (நெட் கம்பெனியில் லாகின் ஆகும் முறை) பெயர், பாஸ்வேர்டு கையில் இல்லாமல் ரீசெட் போட்டுவிட்டு கஸ்டமர் கேரில் காத்துக் கிடக்கிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போடும் வேலையில் இருப்பவன். "நெட் போகிறது" என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் பார்ப்பது மூன்று கடிகாரங்களை. ரவுட்டர் பக்கத்தைத் திறந்தால் சிஸ்டம் அப்டைம் என்று ஒன்று இருக்கும், ரவுட்டர் எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது என்று அது சொல்லும். இன்டர்நெட் அல்லது வான் (WAN, கம்பெனியோடு சேரும் வெளிப்பக்கம்) பகுதியில் இணைப்பு எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று இன்னொன்று. லேப்டாப் எவ்வளவு நேரமாக வைஃபையில் ஒட்டியிருக்கிறது என்று கிளையன்ட் லிஸ்டில் மூன்றாவது.

அடுத்த முறை அறுந்த உடனே இவற்றைப் பாருங்கள். சிஸ்டம் அப்டைமே பூஜ்யத்தில் இருந்து தொடங்கியிருந்தால் கரண்ட் அல்லது ரவுட்டர் உள்ளே கோளாறு. அது அப்படியே ஓடிக்கொண்டிருக்க, வான் நேரம் மட்டும் புதிதாகத் தொடங்கியிருந்தால் லைன், ஓஎன்டி அல்லது கம்பெனி பக்கம். இரண்டும் நிற்காமல் ஓடி, லேப்டாப்பின் நேரம் மட்டும் அறுந்திருந்தால் அது சுத்தமான வைஃபை விஷயம், லைனைக் குறை சொல்ல முடியாது.

கூடவே ஒரு கம்ப்யூட்டரைக் கேபிளில் செருகி, இரண்டு பிங் (பதில் வருகிறதா என்று தொடர்ந்து தட்டிப் பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். ஒன்று ரவுட்டரின் முகவரிக்கு, இன்னொன்று வெளியே கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு. எந்தப் பிங் நின்றது என்பதில் பாதி விடை இருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு இது ஒரு கோளாறு மாதிரி தெரியவில்லை. மூன்று கோளாறு ஒரே நாளில் வந்ததால் ஒன்றாகத் தெரிகிறது. ரவுட்டரை மாற்றினால் அதே மாடல் அதே தொல்லையைத்தான் கொடுக்கும்.

—

ஏரிக்கரை_ஹலசூரு:

பின் அறைக்குச் சிக்னல் வரவில்லை என்றால் மெஷ் வாங்கிவிடுங்கள். ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்புகிற இரண்டு பெட்டி செட். என் வீட்டில் போட்ட பிறகு நிம்மதி.

—

கம்பிவேலை_அல்சூர்:

மெஷ் தப்பில்லை, ஆனால் இப்போது கேள்வி அது இல்லையே. ஒரு பெட்டி ஏன் அறுகிறது என்று தெரியாமல் இரண்டாவது பெட்டியைச் சேர்த்தால் எங்கே அறுகிறது என்று தேடும் இடம் இரண்டாகும். இரண்டு பெட்டிகளும் கம்பியில்லாமல் ஒரே அலைவரிசையில் பேசிக்கொண்டால், தகவல் ஒவ்வொரு தாவலுக்கும் காற்றில் இரண்டு தடவை பயணிக்க வேண்டும். வேகம் பாதி போகும். பின் அறைக்கு ஒரு கேட்6 கேபிள் இழுக்க வழி இருந்தால் அங்கே ஒரு சாதாரண ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைப்பது என்றைக்கும் உறுதியானது. பல பெங்களூரு வீடுகளில் டிவி கேபிளுக்காகச் சுவருக்குள் போட்ட குழாய் இன்றைக்கும் காலியாகக் கிடக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

—

ஏரிக்கரை_ஹலசூரு:

ஒத்துக்கொள்கிறேன். என் வீட்டிலும் இரண்டாவது பெட்டிக்குக் கேபிள் இழுத்துத்தான் போட்டிருக்கிறேன், நிம்மதிக்கு அதுவும் காரணம்.

—

மாடிவீடு_முருகேஷ்பாளையா:

கம்பிவேலை அண்ணா, நன்றி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன்.

மீட்டிங்கின்போது அறுந்த நேரத்தில் சிஸ்டம் அப்டைம் அப்படியே ஓடியது. வான் நேரமும் ஓடியது. கேபிளில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் இரண்டு பிங்கும் ஒரு துளி விடவில்லை. லேப்டாப், இரண்டு ஃபோன் மட்டும் அறுந்தன. அதுவும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தவை மட்டும். 2.4-ல் இருந்த டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கரண்ட் போனபோது சிஸ்டம் அப்டைம் பூஜ்யம். அப்படியென்றால் அது நிஜமாகவே அணைந்து எரிகிறது.

லாகில் அறுந்த நேரத்துக்கு நேராக ரேடார் என்ற வார்த்தையும் டிஎஃப்எஸ் என்ற எழுத்துகளும் இருக்கின்றன. அதற்கு அடுத்த வரியில் சேனல் மாறியதாக வருகிறது. சேனல் அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. நான் அதைத் தொடவில்லை, பெட்டியில் இருந்து வந்தபடியே இருக்கிறது.

வீட்டுக்குப் பக்கத்தில் எச்.ஏ.எல். விமான நிலையம். அதன் ரேடார்தான் காரணமா?

—

கம்பிவேலை_அல்சூர்:

பாதி விடை கிடைத்துவிட்டது.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எண் போட்ட பல சேனல்களாக, அதாவது பாதைகளாகப் பிரிந்திருக்கிறது, எல்லாச் சேனலும் ஒரே மாதிரி இல்லை. 36, 40, 44, 48 ஒரு கூட்டம். 149-இல் இருந்து 165 வரை இன்னொரு கூட்டம். இந்த இரண்டிலும் ரவுட்டர் யாரையும் கேட்காமல் பேசலாம். நடுவில் உள்ள 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் ரேடார்களும் பயன்படுத்தும் பகுதி. அங்கே ரேடார்தான் வீட்டுக்காரர், வைஃபை வாடகைக்குக் குடியிருப்பது. ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் 10 வினாடிக்குள் அந்தச் சேனலைக் காலி பண்ண வேண்டும், 30 நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. புதிதாகப் போகும் சேனலும் அதே பகுதியில் இருந்தால், பேசத் தொடங்கும் முன் 60 வினாடி சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் வைஃபை பெயர் ஒரு நிமிஷம் காணாமல் போவது அந்த 60 வினாடிதான். இந்த ஏற்பாட்டுக்குத்தான் டிஎஃப்எஸ் என்று பெயர்.

சரி, இது ஏன் பழைய ரவுட்டரில் வரவில்லை? ஏஎக்ஸ்3000 என்ற எண்ணைப் பாருங்கள். 2.4-ல் 574, 5-ல் 2402, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியது. அந்த 2402 வர வேண்டுமானால் சேனல் அகலம் 160 இருக்க வேண்டும். 36-இல் தொடங்கி 160 அகலம் எடுத்தால் அது 64 வரை நீளும். அதாவது பாதி உடம்பு ரேடார் பகுதியில் கிடக்கும். அங்கே ஏதாவது கேட்டால் மொத்தமும் எழுந்து ஓட வேண்டும். பழைய ரவுட்டர் 80 அகலத்தில் 36 முதல் 48-க்குள் அடங்கியிருந்திருக்கும், அதனால் இந்தத் தொல்லையே தெரிந்திருக்காது.

விமான நிலையம் பற்றி: பயணிகள் விமானங்கள் 2008 மே மாதம் தேவனஹள்ளியில் உள்ள புது விமான நிலையத்துக்குப் போய்விட்டன, எச்.ஏ.எல். ஓடுதளத்தில் மற்ற விமானங்கள் இன்றும் இறங்கி ஏறுகின்றன. ஆனால் உங்கள் ரவுட்டர் கேட்டது எந்த ரேடார், அது நிஜ ரேடாரா என்பதை உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. ரவுட்டர்கள் சில நேரம் பக்கத்து வீட்டு சிக்னலையே ரேடார் என்று நினைத்துக்கொள்கின்றன. அதைத் தேடிப் போக வேண்டாம். அந்தப் பகுதியை விட்டு வெளியே வந்துவிட்டால் போதும்.

செய்ய வேண்டியது: 5 கிகாஹெர்ட்ஸில் அகலத்தை 80 ஆக்குங்கள். சேனலை ஆட்டோவில் விடாமல் 36 அல்லது 149 என்று கையால் வையுங்கள். உங்கள் பிளான் 300. 80 அகலத்தில் லிங்க் வேகம் 1201 வரை காட்டும். வீட்டுச் சுவர்களைக் கழித்தாலும் அதில் 300 தாராளமாகக் கிடைக்கும். ஒரு லாபமும் சேர்ந்து வரும்: அகலத்தை இரட்டித்தால் கேட்கிற இரைச்சலும் இரட்டிக்கும், அதாவது 3 டெசிபல் கூடும். பாதியாக்கினால் அந்த 3 டெசிபல் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். பின் அறைக்கு அது நல்லது.

—

இரவுப்பணி_எலக்ட்ரானிக்சிட்டி:

இதை ஏன் பெட்டி மேலேயே போட மாட்டேன் என்கிறார்கள்? காசு கொடுத்து 160 வாங்கி 80-ல் ஓட்டு என்றால் மனசு ஒப்பவில்லை.

—

கம்பிவேலை_அல்சூர்:

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. பெட்டி மேல் பெரிய எண் விற்கிறது, நாள் முழுக்க அறுகாமல் நிற்பதை எண்ணாக அச்சடிக்க முடியாது. ஆனால் வைஃபை 6-க்குக் கொடுத்த காசு வீண் இல்லை. ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குச் சேனலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் முறை அதில்தான் வந்தது, 80-லும் அது வேலை செய்யும். வீட்டில் இரண்டு பேர் மீட்டிங், ஒரு டிவி, நாலு ஃபோன் என்றால் அதுதான் உதவும்.

நம் நாட்டில் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2018 அக்டோபரில் அரசு அறிவித்தது. கேட்க நிறையத் தெரிகிறது. அதில் ரேடார் பகுதியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 80 அகலத்துக்கு நிம்மதியான இடம் இரண்டே இரண்டு: 36 கூட்டம், 149 கூட்டம். அடுக்குமாடியில் எல்லாரும் 160 எடுத்தால் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர்தான். 6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 5925 முதல் 6425 வரை திறந்துவிடுவதற்கான வரைவு விதியை 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டது. 160 நியாயமாக ஓடக்கூடிய இடம் அதுதான்.

—

மாடிவீடு_முருகேஷ்பாளையா:

149, 80 அகலம் என்று வைத்தேன். நேற்று முழுக்க மீட்டிங்கில் ஒரு அறுப்பும் இல்லை. மனைவிக்கும் இல்லை. ஸ்பீட் டெஸ்டில் அதே 300. மனசு லேசாகிவிட்டது அண்ணா.

கரண்ட் போனால் அணைவதும் மோட்டார் ஸ்விட்சும் அப்படியே இருக்கின்றன.

—

மின்வேலை_கே.ஆர்.புரம்:

கரண்ட் விஷயத்துக்கு நான் வருகிறேன். பழைய ரவுட்டரின் அடாப்டர், புது ரவுட்டரின் அடாப்டர், மினி யுபிஎஸ், ஓஎன்டி அடாப்டர் — நான்கின் மேலும் பொடி எழுத்தில் அவுட்புட் என்று போட்டிருப்பதை எழுதுங்கள். மினி யுபிஎஸ்ஸில் இருந்து எத்தனை வயர் போகிறது என்றும் சொல்லுங்கள்.

—

மாடிவீடு_முருகேஷ்பாளையா:

பழைய ரவுட்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர். புதுசு 12 வோல்ட் 2 ஆம்பியர். ஓஎன்டி 12 வோல்ட் 1 ஆம்பியர். மினி யுபிஎஸ் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று இருக்கிறது, அதிலிருந்து ஒய் வயரில் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் பிரிந்து போகிறது.

—

மின்வேலை_கே.ஆர்.புரம்:

இதோ கிடைத்துவிட்டது. முன்பு 1-ம் 1-ம் சேர்ந்து 2, யுபிஎஸ்ஸும் 2. சரியாக இருந்தது. இப்போது 2-ம் 1-ம் சேர்ந்து 3. யுபிஎஸ் அதே 2.

அடாப்டரில் எழுதியிருப்பது உச்சம், எந்நேரமும் அவ்வளவு இழுக்காது என்பது உண்மை. அதனால்தான் கரண்ட் இருக்கும்போது ஓரளவு ஓடுகிறது. கரண்ட் போன கணத்தில் கதை வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் மூன்று லித்தியம் செல் தொடராக. முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், வடிய வடிய இறங்கும். செல் பழசானால் இழுக்கிற நேரத்தில் வோல்டேஜ் சட்டென்று விழும். ரவுட்டருக்கு அந்த ஒரு கண வீழ்ச்சி போதும், ரீஸ்டார்ட் ஆகிவிடும். யாராவது பெரிய ஃபைல் இறக்கும்போது கரண்ட் இருந்தும் அணைகிறதா என்று கவனியுங்கள், அதுவும் இதே காரணம்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். ரவுட்டர் பின்னால் செருகும் உருண்டை பின்னில் இரண்டு அளவு உண்டு. வெளி விட்டம் இரண்டுக்கும் 5.5 மில்லிமீட்டர். உள்ளே ஒன்று 2.1, மற்றது 2.5. 2.1 ஊசி உள்ள ரவுட்டரில் 2.5 பிளக்கைச் செருகினால் போகும், லைட் எரியும், ஆனால் தொடர்பு தளர்ந்து நிற்கும். மேசையை இடித்தால் அணையும். ஒய் வயர்களில் இந்தத் தப்பு ரொம்ப சாதாரணம். வயரை லேசாக அசைத்துப் பாருங்கள்.

தீர்வு: ரவுட்டருக்குத் தனி மினி யுபிஎஸ், குறைந்தது 12 வோல்ட் 3 ஆம்பியர். பழைய யுபிஎஸ் ஓஎன்டிக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டும் கரண்ட் இல்லாமல் ஓடினால்தான் நெட் நிற்கும், ஓஎன்டியை மறந்துவிடாதீர்கள். வாங்குமுன் வோல்ட் பாருங்கள். 9 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் ஒரே பெட்டியில் தருகிற மாடல்கள் இருக்கின்றன, தப்பான துளையில் செருகினால் வம்பு.

வீட்டில் பெரிய இன்வெர்ட்டர் இருக்கிறவர்களுக்கு: இன்வெர்ட்டர் பின்னால் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் மாறும் நேரம் அதிகம், ஃபேன், லைட்டுக்குத் தெரியாது, ரவுட்டருக்குத் தெரியும். யுபிஎஸ் மோடில் வைத்தால் பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

—

ஸ்ரீராமபுரம்_அக்கா:

நடுவில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். என் வீட்டிலும் புது ரவுட்டர்தான், ஆனால் அறுவதே இல்லை. எனக்கு வேகம்தான் போதவில்லை. பிளான் 200. ரவுட்டர் பக்கத்தில் நின்று பார்த்தாலும் 93, 94-க்கு மேல் ஏறுவதில்லை. கம்பெனிக்காரர்கள் வந்து அவர்கள் ஃபோனில் ஓஎன்டி வைஃபையில் 200 காட்டிவிட்டு, உங்கள் ரவுட்டர்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

—

கம்பிவேலை_அல்சூர்:

அக்கா, 93, 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்கிறது. ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள கேபிள் 1000-ல் பேசாமல் 100-ல் பேசுகிறது. 100 எம்பிபிஎஸ் லிங்கில் கையில் கிடைப்பது அவ்வளவுதான்.

ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடி வயர் இருக்கும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். 1000-க்கு நான்கு ஜோடியும் சரியாக இருக்க வேண்டும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரே ஒரு வயர் முனையில் உட்காரவில்லை என்றாலும் இரண்டு பெட்டியும் தமக்குள் பேசி 100-க்கு இறங்கிவிடும், யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் நெட் ஓடும், அறுகாது, வேகம் மட்டும் 95-க்குள் நிற்கும். இன்னொரு சாத்தியமும் உண்டு: சில மலிவான ரவுட்டர்களில் வைஃபை எண் 1200 என்று இருந்தாலும் வான் துளையே 100 தான். ரவுட்டர் பக்கத்தில் வான் லிங்க் ஸ்பீட் என்ன காட்டுகிறது, மாடல் விவரத்தில் துளை கிகாபிட்டா என்று பாருங்கள். கிகாபிட் என்றால் கேபிளைத்தான் மாற்ற வேண்டும். கேட்5இ அல்லது கேட்6, தொழிற்சாலையிலேயே முனை போட்டு வந்தது, ஒரு மீட்டர் போதும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி வேண்டாம், சுத்தச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள்.

—

செம்பூர்வாசி_மும்பை:

அக்காவிடம் சொன்னதுதான் எங்கள் பில்டிங்கிலும். டக்ட் வழியாக வந்த கேபிளை எலி கடித்து ஒரு ஜோடி போயிருந்தது. இரண்டு வருஷம் எல்லாரும் ரவுட்டரையே மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

—

ஏரிக்கரை_ஹலசூரு:

மாடிவீடு சாருக்கு மோட்டார் ஸ்விட்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த அம்மா இன்னும் படி இறங்கிக்கொண்டிருப்பார், முதலில் அதைப் பாருங்கள்.

—

கம்பிவேலை_அல்சூர்:

நீங்கள் சொன்னது நியாயம், அதையே எடுக்கிறேன்.

இப்படிப்பட்ட வைஃபை ஸ்விட்ச், பிளக், பல்பு அநேகமாக எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்தவை. உள்ளே இருக்கும் சில்லு சின்னது, பழைய பூட்டு முறை மட்டும் புரியும். புது ரவுட்டர்கள் மூன்று விஷயத்தை ஆரம்பத்திலேயே போட்டு வருகின்றன. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, ஃபோனை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தானே முடிவு செய்வது ஒன்று. பாதுகாப்பு டபிள்யூபிஏ3 அல்லது 2-ம் 3-ம் கலந்தது. 2.4-லும் வைஃபை 6 முறை. இதில் எது இடித்தாலும் ஸ்விட்ச் "இணைக்க முடியவில்லை" என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது.

2.4-க்குத் தனியாக ஒரு பெயர் கொடுங்கள். சில ரவுட்டரில் இந்த மாதிரிக் கருவிகளுக்கென்றே ஐஓடி நெட்வொர்க் என்று தனிப் பகுதியே இருக்கும். அதற்கு டபிள்யூபிஏ2 மட்டும். அகலம் 20. சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்தது எதுவோ அது. இந்த மூன்றும்தான் ஒன்றன் மேல் ஒன்று விழாதவை. பெயரிலும் பாஸ்வேர்டிலும் தமிழ் எழுத்து, விசேஷக் குறிகள் இல்லாமல் சாதாரண ஆங்கில எழுத்தும் எண்ணும் வையுங்கள், சில ஸ்விட்சுகள் அதற்கும் அடம்பிடிக்கும். சேர்க்கும்போது உங்கள் ஃபோனும் அதே 2.4 பெயரில் இருக்கட்டும்.

பழைய ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஞாபகம் இருந்தால் இன்னும் சுலபம். புது 2.4-க்கு அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே டபிள்யூபிஏ2 வைத்துவிட்டால் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம், தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு சந்தேகம்: ஓஎன்டியின் சொந்த வைஃபையும் எரிந்துகொண்டிருக்கிறதா? பழைய பெயரிலேயே அதுவும் இருந்தால் ஸ்விட்ச் அதில் போய் ஒட்டப் பார்க்கும். ஓஎன்டி வைஃபையை அணைத்துவிடுங்கள். ஓஎன்டியும் ரவுட்டரும் இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் ரவுட்டரை 192.168.5.1 போல மாற்றுங்கள்.

—

மாடிவீடு_முருகேஷ்பாளையா:

பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, டபிள்யூபிஏ2 — வைத்த கையோடு ஸ்விட்ச் வந்து சேர்ந்துவிட்டது! கீழே இறங்கவே இல்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஃபோனில் மோட்டார் போட்டார். அவருக்கு உங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். ஓஎன்டி வைஃபையும் அணைத்தாயிற்று.

மின்வேலை சார் சொன்னது போல வயரை அசைத்தேன், ரவுட்டர் அணைந்தது. ஆக இரண்டும் உண்டு: பின்னும் தளர்வு, யுபிஎஸ்ஸும் போதவில்லை. 12 வோல்ட் 3 ஆம்பியர் யுபிஎஸ் வாங்கிவிட்டேன், 2.1 பின் இருக்கிறதா என்று கடையிலேயே ரவுட்டரை வைத்துச் செருகிப் பார்த்தேன். இன்று மதியம் கரண்ட் போனது. சிஸ்டம் அப்டைம் நிற்கவில்லை.

ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

—

மின்வேலை_கே.ஆர்.புரம்:

சந்தோஷம். பழைய யுபிஎஸ்ஸில் செல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று ஒரு நாள் ஓஎன்டியை மட்டும் வைத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். லித்தியம் விஷயத்தில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க நினைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

—

ஸ்ரீராமபுரம்_அக்கா:

கேபிள் மாற்றினேன் தம்பி. லிங்க் 1000 காட்டுகிறது, ஃபோனில் 190-க்கு மேல் வருகிறது. கம்பெனிக்காரர் கையால் முனை போட்ட கேபிள் அது. பழுப்பு நிற வயர் ஒன்று பிளக்கின் உள்ளே எட்டவே இல்லை, கண்ணாலேயே தெரிந்தது.

—

இரவுப்பணி_எலக்ட்ரானிக்சிட்டி:

இந்த இழையைப் படித்துவிட்டு என் வீட்டு லாகைப் பார்த்தேன். ரேடார் வரி இல்லை. ஆனால் வான் நேரம் மட்டும் அடிக்கடி புதிதாகத் தொடங்குகிறது. அப்படியென்றால் எனக்கு லைன்தானே?

—

கம்பிவேலை_அல்சூர்:

ஆமாம், ஓஎன்டி பக்கம் போங்கள். அறுகிற நேரத்தில் லாஸ் (LOS, ஒளி சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) என்ற விளக்கு சிவப்பாகிறதா பாருங்கள். ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும், வந்து சேரும் ஒளியின் பலம் அது. மைனஸ் 20 அக்கம்பக்கம் என்றால் நலம். மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஓரத்தில் நிற்கிறீர்கள், வழக்கமான ஓஎன்டியின் எல்லை அது. அறை வாசலில் ஃபைபர் வயர் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரல் தடிமனுக்கு வளைத்தாலே ஒளி வெளியே கசியும். பச்சை முனையின் நுனியைக் கையால் தொடாதீர்கள், கழற்றி ஊதவும் வேண்டாம். எண் மோசமாக இருந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் போடுங்கள். "நெட் மெதுவாக இருக்கிறது" என்று சொன்னால் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வார்கள், "ஆர்எக்ஸ் மைனஸ் 28" என்று சொன்னால் ஆள் அனுப்புவார்கள்.

—

இரவுப்பணி_எலக்ட்ரானிக்சிட்டி:

மைனஸ் 27.4 காட்டுகிறது. ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் வயர் மடிந்து கிடக்கிறது. படம் எடுத்துவிட்டேன், இப்போதே புகார் போடுகிறேன்.